சாப்பிட்டபின் சொல்லலாம்

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. மொன்றியலில் எங்களைத் தெரிந்த சனத்துக்கு இது பெரிய புதினம். கடற்கரை ஊரில் பிறந்து, காலையில் பழஞ்சோற்றுக்கும் மீன் குழம்பு கேட்டு அடம்பிடித்து வளர்ந்தவள் என் மனைவி. "என்ன அக்கா, ஏதும் விரதமோ?" என்று கேட்பவர்களிடம் "ஓம், ஒரு நேத்தி" என்று சொல்லி முடித்துவிடுவாள். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். வாயைத் திறக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

நேத்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இத்தாலியில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பகல் சுற்றித் திரிந்தோம். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் அவளுடைய அம்மா வீட்டு விறாந்தையில் பிரேதமாகக் கிடந்தா. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தவன் நான்தான். வருடங்கள் போய்விட்டன, இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடம் என்று பிள்ளைகள் சேர்ந்து எங்களுக்குக் கப்பல் பயணம் ஒழுங்கு செய்தார்கள். பார்சலோனாவில் ஏறி, ஏழு நாள் கடலில் சுற்றி, திரும்ப அங்கேயே இறங்க வேண்டும். அவள் சம்மதிக்கவே இல்லை. "கண்டறியாத கப்பல்! அங்கை சண்டை நடக்குது, பாதை பூட்டிக் கிடக்குது, சனம் சாகுது. எங்களுக்கு இப்ப உல்லாசம் கேக்குதோ?" என்று பாய்ந்தாள். மகள் அழுத பிறகுதான் இறங்கி வந்தாள். இறங்கி வந்தவள் உடுப்புப் பெட்டியில் முதலில் வைத்தது மிளகாய்த்தூள் போத்தல்.

அவளுக்கு விமானத்தில் போனதென்றால் கனடாவுக்கு அகதியாக வந்த ஒரே ஒரு தரம்தான். ஆனால் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை பதினான்கு வருடம் செய்தவள். குளிரறையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் பழுதாகிவிட்டன. பார்சலோனா போகிற விமானத்தில் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் மேற்பார்வைக்காரி போல மூடியைத் திறந்து பார்த்தாள். "பாணை வைக்கிற இடத்திலை கேக்கை வைச்சிருக்கினம். ஆரப்பா இதை அடுக்கினது?" என்று கோபப்பட்டுவிட்டு, முழுவதையும் சாப்பிட்டாள். நான் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் மனம் விட்டுச் சிரித்தது அதுவரையும்தான் என்று நினைக்கிறேன்.

அவளுடைய கைமணிக்கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் எப்போதும் யாழ்ப்பாண நேரம்தான் ஓடும். நாங்கள் வந்த நாளிலிருந்து அப்படித்தான். "இஞ்சத்தை நேரத்தைச் சொல்ல அடுப்பிலையும் மணிக்கூடு, மெத்ரோவிலையும் மணிக்கூடு. ஊர் நேரத்தை எனக்கு ஆர் சொல்லுவினம்?" என்பாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் அடுக்குமாடியின் குசினியில் நின்றுகொண்டு கையைத் திருப்பிப் பார்த்து, "அம்மா இப்ப குளிச்சிட்டு வந்திருப்பா" என்பாள். எத்தனை மணிக்கு அங்கே என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

கிழமைக்கு ஒருதரம் தாயோடு கதைக்க வேண்டும். அதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. டெலிபோன் கார்ட்டின் நீண்ட இலக்கத்தை அழுத்துவது நான். அவளுக்கு அந்தப் பொடி எழுத்துத் தெரியாது. அதோடு யாழ்ப்பாணத்து லைன் அந்த நாளில் ஒரே தரத்தில் கிடைத்தால் அதிசயம். பத்துத் தரம், இருபது தரம் அழுத்த வேண்டும். கிடைத்ததும், "மாமி, சுகமா இருக்கிறியளோ? இந்தா மகள்" என்று சொல்லி அவளிடம் கொடுப்பேன். அவ்வளவுதான் என் பங்கு. கையில் வாங்கியதும் அவள் குரலே மாறிவிடும். சின்னப் பிள்ளை மாதிரிக் கதைப்பாள்.

கப்பலின் மூன்றாம் நாள் சிவித்தாவெக்கியா என்ற பட்டினம். வாயில் நுழையாத பேர். கப்பலில் வந்த சனம் எல்லாம் விடிய வெள்ளெனவே பஸ் ஏறி ரோமாபுரிக்கு ஓடிவிட்டது. நாங்கள் போகவில்லை. நான் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியக் கிழவனின் மரக்கறிக் கடையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன். வெளிக்கிட முதல் அவர் எனக்குச் சொல்லியிருந்தார்: "ரோமில் கல்லைப் பார்க்கலாம், காலும் நோகும். துறைமுகத்திலேயே நில். சந்தையைப் பார். கடற்கரையில் இருந்து மீன் சாப்பிடு." அவளிடம் சொன்னேன். "என்ரை முழங்காலுக்கு ரோமும் வேண்டாம், ராமேஸ்வரமும் வேண்டாம். உங்கடை முதலாளி சொன்னதைச் செய்வம்" என்றாள்.

ஒன்பது மணி போல துறைமுக வாசலுக்கு வந்தோம். நல்ல வெயில். பழைய கோட்டை ஒன்று, அதன் பின்னால் கடலோரமாக நீண்ட நடைபாதை, வாங்குகள். கப்பல் ஆட்டத்தில் வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவள் காலையில் வெறும் தேநீர் மட்டும்தான் குடித்திருந்தாள். பட்டினத்துக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது டெலிபோன் கடை. வங்காளதேசத்துப் பெடியன் ஒருவன் நடத்துகிற கடை. உள்ளே நாலு மரக்கூண்டுகள். "அம்மாவுக்கு ஒருக்கால் எடுப்பமப்பா. எடுத்திட்டெண்டால் மனம் ஆறுதலா ஊரைப் பாக்கலாம்" என்றாள். கடைக்குள் புழுக்கம் என்று எதிரே இருந்த வாங்கில் அவளை இருத்திவிட்டு நான் உள்ளே போனேன்.

முதல் தரமே லைன் கிடைத்தது. ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

எடுத்தது அவளுடைய தம்பி. பின்னால் பறைமேளம் கேட்டது.

"அத்தானோ? அத்தான், அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா. நேற்று மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவ, எழும்பேல்லை. உங்கடை வீட்டை போன் எடுத்தனாங்கள். நீங்கள் கப்பலிலை, இடத்துக்கு இடம் இறங்கி அப்பாவே எடுப்பார் எண்டு மகள் சொன்னா."

நான் "ஐயோ தம்பி" என்றேன். வேறு என்ன சொன்னேனோ தெரியாது.

"இண்டைக்கு நாலு மணிக்குப் பிரேதம் எடுக்கிறம் அத்தான். பின்னேரம் ஊரடங்கு, அதுக்குமேலை வைச்சிருக்கேலாது. அக்கா பக்கத்திலை நிக்கிறாவோ? இப்ப இல்லாட்டியும் மூண்டரைக்கு முன்னம் எப்பிடியும் எடுக்கச் சொல்லுங்கோ. போனை அம்மான்ரை காதடியிலை வைச்சு விடுறன். அக்கா அழுது தீர்க்கட்டும். பாவம், வரத்தான் ஏலாது."

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்துக்கு அந்த நாட்களில் செத்தவீடு அப்படித்தான். பாதை பூட்டியிருக்கும், பயணப் பாஸ் கிடைக்காது, போக முடியாது. ஆகவே போனைப் பிரேதத்தின் காதடியில் வைப்பார்கள். லண்டனில் இருக்கிற மகளும் டொரண்டோவில் இருக்கிற மகனும் வரிசையாக எடுத்துக் குழறுவார்கள். அங்கே கூடி இருக்கிற பெண்களும் அந்தக் குரலைக் கேட்டுச் சேர்ந்து அழுவார்கள். வாய்க்கரிசி போட முடியாதவர்களுக்கு அதுதான் வாய்க்கரிசி.

"ஓம் தம்பி, நான் சொல்லுறன்" என்று வைத்தேன். கூண்டுக்குள் நின்று விரலில் எண்ணிப் பார்த்தேன். இங்கே ஒன்பதே கால். அங்கே பன்னிரண்டே முக்கால். அங்கத்தை நாலு மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. மூன்று மணித்தியாலத்துக்கு மேலே இருக்கிறது.

கண்ணாடிக் கதவுக்குள்ளால் அவளைப் பார்த்தேன். வாங்கில் காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டு, போகிற வருகிற சனத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரஷர், சீனி வருத்தம் இரண்டும் உண்டு. அதற்கு முந்தின வருடம் ஊரில் மருமகன் முறையான ஒரு பெடியனைக் காணவில்லை என்ற செய்தியை யாரோ ஒரு விசரி வேலையிடத்துக்கு எடுத்துச் சொல்ல, அவள் குளிரறைக்குள்ளேயே விழுந்துவிட்டாள். அன்றும் அவள் சாப்பிட்டிருக்கவில்லை. எங்கள் ஊரில் துக்கச் செய்தி சொல்ல ஒரு முறை இருக்கிறது. பயணத்தில் நிற்கிறவருக்குச் சொல்லக்கூடாது. வெறும் வயிற்றோடு இருக்கிறவருக்குச் சொல்லக்கூடாது. முதலில் சாப்பிட வைக்க வேண்டும், பிறகு மெல்ல 'வருத்தம் கடுமையாம்' என்று தொடங்க வேண்டும். சொன்ன பிறகு எப்படியும் பச்சைத் தண்ணீரும் இறங்காதே! என் தகப்பன் செத்தபோது எனக்கும் அப்படித்தான் இரண்டு தட்டுச் சோறு போட்டுவிட்டுச் சொன்னார்கள். சரி, முதலில் இவளுக்கு எதையாவது சாப்பிடக் கொடுப்போம், பிறகு சொல்லி, கையோடு கூட்டிவந்து இந்தக் கூண்டுக்குள்ளேயே அழ விடுவோம் என்று முடிவெடுத்தேன். நல்ல முடிவு என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

வெளியே வந்தேன்.

"என்னப்பா, லைன் கிடைச்சுதோ?"

"இல்லை. எங்கேஜ்டாவே கிடக்கு. பேந்து பாப்பம்."

"அதுதானே! உந்த லைன் எப்ப ஒழுங்காக் கிடைச்சது?" என்று எழும்பினாள். என் பொய்க்கு அவளே ஒரு முட்டுக் கொடுத்தாள். சண்டை நடக்கிற ஊர் பொய்யனுக்கு வசதி.

"ஏதும் சாப்பிடுவமே?" என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. கண்ணாடிக்குள்ளே இனிப்புப் பணிஸ்தான் அடுக்கியிருந்தது. "சீனி. எனக்கு வேண்டாம். பேந்து சோறு மாதிரி ஏதும் கிடைச்சால் பாப்பம்" என்று நடையைக் கட்டினாள். ஒரு பாண் துண்டு வாங்கிக் கொடுத்திருக்கலாம். பாணும் சாப்பாடுதானே? அது எனக்கு இப்போது தெரிகிறது. அந்த நேரம், இப்போதே சொல்லத் தேவையில்லை, கொஞ்ச நேரம் இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. உண்மையைச் சொன்னால், நான் காத்திருந்தது அவளுடைய வயிற்றுக்காக மட்டும் அல்ல. அவள் அழுகிற சத்தத்தை ஓர் அந்நிய ஊரின் தெருவில் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றைச் சாட்டினேன்.

சந்தைக்குப் போனோம். சதுக்கம் முழுக்கக் கடைத் தட்டிகள். அவளுக்கு உயிர் வந்துவிட்டது. கத்தரிக்காயை அமத்திப் பார்த்தாள். தக்காளியை மணந்து பார்த்தாள். மொன்றியல் சந்தையில் பொறுக்கிய அரைகுறை இத்தாலிய மொழியில் நான் ஏதோ விலை கேட்க, கடைக்காரி சிரித்து நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பன்னிரண்டு வரியம் வேலை செய்து நீங்கள் படிச்ச பாஷை இவ்வளவுதானோ?" என்று என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாள். ஒரு பீச் பழத்தை நாங்கள் பாதி பாதி தின்றோம். அவள் நாடியில் வழிந்த சாற்றைத் துடைத்து விட்டேன். துடைக்கும்போது அவளுடைய மணிக்கூடு தெரிந்தது. ஒன்றரை. அங்கே குளிப்பாட்டுவார்கள் என்று நினைத்தேன்.

துணிக்கடையில் ஒரு சால்வையைக் கண்டாள். மெல்லிய பருத்தி, சாம்பல் நிறம். "அம்மாவுக்கு விடியக் குளிருதெண்டு போன கிழமை சொன்னவ. இது பாரமில்லாமல் நல்லாயிருக்கும். கொழும்புக்குப் போற ஆரிட்டையும் குடுத்து விடலாம்." தன் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கு இந்த நிறம் எடுக்குமோ?"

"எடுக்கும்" என்றேன்.

"நீங்கள் பாக்காமலே சொல்லுறியள்."

"பாத்துத்தான் சொல்லுறன். நல்ல வடிவு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சாப்பாடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், 'இஞ்சரும், வாரும்' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த டெலிபோன் கடைக்கு ஓடியிருக்கலாம். ஐந்து நிமிட நடை. நான் பணப்பையைத் திறந்தேன்.

பதினொரு மணியிலிருந்து நான் சாப்பாட்டுக் கடை தேடினேன். எல்லாம் பூட்டு. இத்தாலிக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டுக்கு முதல் கிடையாது. கதவைத் தட்டிய ஓரிடத்தில் ஒருவன் கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து விரலால் பன்னிரண்டு என்று காட்டிவிட்டுப் போனான். எனக்கு வந்த கோபத்தில் கதவை உதைக்க வேண்டும் போல இருந்தது. "ஏனப்பா இண்டைக்கு உங்களுக்கு இவ்வளவு பசி? நானே சும்மா இருக்கிறன்" என்று அவள் சிரித்தாள். கடற்கரை வாங்கில் இருந்தோம். அவள் சால்வையைப் பையிலிருந்து எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். "இன்னொருக்கால் எடுத்துப் பாருங்கோவன். இப்ப லைன் வந்திருக்கும்."

"சாப்பிட்டிட்டு எடுப்பம்."

"சாப்பாடு எங்கை ஓடப் போகுது?"

"சாப்பிட்டிட்டு எடுப்பம் எண்டு சொல்லுறனெல்லே!" என்று சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்து வாங்குக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அவள் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "கப்பலிலை நித்திரை இல்லை உங்களுக்கு, அதுதான்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்க, முதல் ஆளாக நாங்கள்தான் உள்ளே போனோம். கடலைப் பார்த்த மேசை. பரிசாரகன் என்னென்னவோ கேட்டான். எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்த ஒரே இத்தாலிச் சொல் மீன்தான். முதலாளியும் மீன் என்றுதானே சொன்னார்? செத்தவீட்டுத் துடக்கில் மீன், மச்சம் தொடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ தெரியாது. கெதியாக ஏதாவது வந்தால் போதும், அவள் நாலு வாய் தின்றால் போதும் என்ற அந்தரம் ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. சாப்பாட்டு அட்டையில் விரலால் காட்டிச் சோறும் பொரித்த சின்ன மீனும் கொண்டுவரச் சொன்னேன்.

இருபது நிமிடம் எடுத்தான், சனியன்.

தட்டு வந்ததும் அவள் முகம் மலர்ந்து போயிற்று. "ஐயோ, நெத்தலியப்பா! எங்கடை நெத்தலி!" என்றாள். கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து, பரிசாரகன் பார்க்காத நேரம் பார்த்துத் தூவினாள். தேசிக்காயைப் பிழிந்தாள். முள்ளோடு கடித்தாள். "அம்மா இதைப் பொரிச்சால் சட்டியிலை இருக்கேக்கையே நான் எடுத்துத் திண்டிடுவன். அகப்பையாலை அடிப்பா." எனக்கும் எடுத்து வைத்தாள். நான் ஒரு மீனையே மென்றுகொண்டிருந்தேன். அவள் கை தட்டுக்கும் வாய்க்கும் போய் வந்தது. அந்தக் கையில் மணிக்கூடு. நாலுக்கு எட்டு நிமிடம். நாலுக்கு ஐந்து நிமிடம்.

"இஞ்சரும்" என்று தொடங்கினேன்.

அவள் நிமிர்ந்தாள். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. சரியாக அந்த நேரம் பார்த்துப் பரிசாரகன் எங்கள் கமராவைக் காட்டி, படம் எடுக்கட்டுமா என்று கேட்டான். எடுத்தான். படத்தில் அவள் பல்லுத் தெரியச் சிரிக்கிறாள். நான் அவளுடைய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தை மகள் கழுவிக் கொண்டுவந்து தந்தாள். அதைக் கிழிக்கவும் மனமில்லாமல் வைக்கவும் இடமில்லாமல் என் உடுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

கையைத் துடைத்துவிட்டு அவள் மணிக்கூட்டைத் திருப்பினாள். "சரியா நாலு மணி. அம்மா இப்ப எழும்பித் தேத்தண்ணி குடிப்பா. இப்ப எடுத்தால் ஆறுதலாக் கதைப்பா. எழும்புங்கோ, போய் எடுப்பம்."

பிரேதத்தை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன? ஆறின கஞ்சி பழங்கஞ்சி. "நான் கை கழுவப் போகேக்கை பக்கத்துக் கடையிலை எடுத்துப் பாத்தனான். லைன் முழுக்கக் 'கட்'டாம்" என்றேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தட்டில் மிச்சமிருந்த மீனை ஆறுதலாக ஒவ்வொன்றாகத் தின்று முடித்தாள்.

மிச்சப் பயணத்தில் நான் நடித்தேன். அடுத்த துறைமுகத்தில் அவளுக்குத் தெரியாமல் தம்பிக்கு எடுத்தேன். "அக்காவுக்குப் பிரஷர் ஏறிக் கிடந்தது, என்னாலை சொல்ல முடியேல்லை. நான் எடுத்துக் கதைச்சதை ஒருநாளும் வெளியிலை விட்டிடாதை" என்று கெஞ்சினேன். "சரி அத்தான்" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

டோர்வலில் இறங்கியபோது மகளின் முகத்தைக் கண்டு அவளுக்கு ஏதோ தட்டிவிட்டது. வீட்டில் மகள் மரக்கறியும் சோறும் ஆக்கி வைத்திருந்தாள். அங்கேயும் முதலில் சாப்பிட வைத்தோம், பிறகுதான் சொன்னோம். அவள் குழறின குழறலில் மேல் வீட்டுக் கியூபெக் மனிசி இறங்கிவந்து கதவைத் தட்டினாள். அழுது ஓய்ந்த பிறகு ஒன்று கேட்டாள்: "எப்ப எடுத்தவை?"

"நாங்கள் அந்தச் சந்தைக்குப் போன அண்டைக்கு. நாலு மணிக்கு."

அவள் மடியைப் பார்த்தபடி இருந்தாள். "அண்டைக்கு நான் மீன் திண்டனான்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் மீன் வரவில்லை. "அண்டைக்கு மட்டும் லைன் கிடைச்சிருந்தால்…" என்று சண்டையைத் திட்டினாள், டெலிபோன்காரரைத் திட்டினாள், தன் தலைவிதியைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். இதை எழுதும்போது கூட உடம்பு கூசுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கண்டிருப்பீர்கள். நான் அந்தச் சோற்றைக் குழைத்து அவளுக்குத் தீத்தியும் விட்டேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு இங்கே செய்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் போயிற்று. இலை உதிர்கிற காலத்தில், கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் தம்பி செத்தவீட்டு டிஸ்கைக் கொடுத்துவிட்டிருந்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று இதற்கென்றே ஆள் பிடித்துப் படம் எடுப்பார்கள். கலியாண வீட்டுக்குப் போலவே எல்லாம் எடுப்பார்கள்; யார் வந்தார்கள், யார் அழுதார்கள், ஒன்றும் விடமாட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் முழுகி, அந்தச் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். நான் பின்னால் கதிரையில்.

தாயின் முகம் வந்தது. தலைமாட்டில் விளக்கு. அவள் சத்தமில்லாமல் அழுதாள். சனம் வந்தது, போனது. பிறகு கமரா விறாந்தைப் பக்கம் திரும்பியது. அங்கே தம்பி தூணோடு சாய்ந்து நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தான். படம் எடுத்தவனுக்கு என்ன தெரியும்? அழுகிற மகன் என்று கிட்டப் போய் எடுத்திருக்கிறான். பறைமேளத்துக்கு மேலாலும் குரல் துலக்கமாகக் கேட்டது.

"அத்தானோ? அத்தான், அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா…"

அவனுக்கு ஒரே ஒரு அக்கா. ஒரே ஒரு அத்தான்.

அவள் திரும்பவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. கிரியை முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியை மூட வந்தவர்களைத் தம்பி மறித்தான். "கொஞ்சம் பொறுங்கோ. அக்கா எடுப்பா. அத்தானிட்டைச் சொன்னனான், அவர் சொல்லுவார்." போனைத் தாயின் காதடியில் பிடித்தபடி குனிந்து நின்றான். ஐயர் நேரமாகிறது என்றார். யாரோ ஊரடங்கு என்றார்கள். தம்பி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான், திரும்பக் காதடியில் வைத்தான். படத்தின் மூலையில் நேரம் ஓடியது. நாலு ஐந்து. நாலு பத்து. நாலு இருபதுக்குத்தான் பெட்டியை மூடினார்கள். நாலு இருபதுக்கு நாங்கள் அந்த மேசையிலேயே இருந்தோம். அவள் மிச்ச மீனைத் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் டிஸ்கை நிற்பாட்டினாள். நான் கதிரையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நீர் விடிய ஒண்டும் சாப்பிடேல்லை" என்றேன். "வெறும் வயித்தோடை இருந்தனீர். சாப்பிட்டாப் பிறகு சொல்லுவம் எண்டுதான்…"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல, ஆறுதலாகச் சொன்னாள்:

"பசியோடை அழுதிருப்பனப்பா. நான் பசியோடை அழுதிருப்பன்."